இருபத்துநாலாவது ஓட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் கடைக் குப்பைக்கூடையிலிருந்து வந்தது.

புதுவாயல் கூட்டுரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வருகிறவர்களுக்கு பயோடேட்டா. கூட்டமில்லாத நேரத்தில் கதை எழுதுவேன். கெட்டுப்போன நகல்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவது. நல்ல தாளில் எழுதினால் நல்ல கதை எழுதவேண்டுமே என்ற பயம் வந்துவிடும்.

அப்படி ஒரு தாளைத் திருப்பியபோதுதான் அந்த வட்டம் கண்ணில் பட்டது. கறுப்பு வட்டம், அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். மை அதிகமாகிவிட்டது என்று நானே தூக்கிப்போட்ட நகல். இந்தக் கதையை அதன் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில் விழும்போது அந்தப் பக்கத்து ஓட்டைகள் என் வரிகளுக்கு நடுவில் தெரிகின்றன. எழுத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் வேறு தாளுக்கு மாற மனசு வரவில்லை.

2

தொடக்கங்கள்:

"கொல்கத்தா நெடுஞ்சாலையின் மேல் பனி கவிந்திருந்த அந்த அதிகாலையில், துர்காதேவி..."

(பனி இல்லை. லாரிப் புழுதி. அடித்தாயிற்று.)

"துர்காதேவியின் விரல்களில் ஒரு சோகம்..."

(அவள் விரலில் சோகமெல்லாம் கிடையாது. இடது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு ஒன்று உண்டு, அதுவும் ஆறிப்போனது.)

"கோலத்தைப் பார்த்து அவள் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டாள்..."

இந்த மூன்றாவதை நான் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். "கோலத்த பாத்து எல்லாரும்தான் போடறாங்கண்ணா, அதுல இன்னா கீது?" என்று அவள் கேட்டதில் மூன்றாவது தொடக்கமும் போயிற்று.

சரி, நேராகவே சொல்கிறேன். துர்காதேவிக்கு முப்பத்தோரு வயது. புதுவாயலுக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டரில் ஊர். கணவன் ஏழுமலைக்கு நெல் நிலம். துர்கா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில், தண்ணீர் மோட்டாரின் அடியில் மாட்டுகிற சல்லடைத் தட்டுகளைச் சரிபார்க்கும் மேசையில் ஐந்து வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறாள். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு என் கடை வாசலில்தான் கம்பெனி பஸ் ஏறுவாள். ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து நூலும் குரோஷா ஊசியும் வெளியே வரும். முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

3

அவள் என்னவெல்லாம் பின்னியிருக்கிறாள் என்று எழுதினால் நீங்கள் நான் அளப்பதாகத்தான் நினைப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

சாக்கடை மூடியைப் பார்த்து ஒரு மேசை விரிப்பு. லாரி டயர் விட்டுப்போன தடத்தைப் பார்த்து மொபைல் பை. நுங்குக் காயின் மூன்று கண்ணைப் பார்த்து மாமனாருக்கு ஒரு குல்லா. (அதைப் போட்டுக்கொண்டு அவர் பொன்னேரி சந்தைக்கே போய்வந்தார். மனிதர் ரொம்ப ரசிகர்.) வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகும் தம்பியைப் பார்க்கப் போனபோது, புகைபோக்கியில் மாறி மாறி வரும் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் பாட்டிலுக்கு உறை போட்டாள். கொசு பேட்டின் வலை, இட்லித் தட்டு, ரேஷன் கடை ஜன்னல் கம்பி எல்லாமே அவளுக்கு டிசைன்தான். அதே மேசையில் வேலை பார்த்து, பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரும் ஹெலன், தன் சுடிதாரின் முதுகை இவள் ரொம்ப நேரம் பார்த்தால் பயந்துவிடுவாள்.

அவள் வழிமுறை எளிது. பிடித்த பொருளின் மேல் தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பாள். மேடு கறுக்கும், ஓட்டை வெள்ளையாக நிற்கும். அதை என் கடைக்குக் கொண்டுவந்து பெரிசாக நகலெடுப்பாள். பின்னி முடித்ததும் ஈரம் தெளித்து அந்த நகலின் மேல் விரித்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குண்டூசி குத்திக் காயவைப்பாள். அப்போதுதான் வட்டம் வட்டமாக நிற்குமாம்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எனக்குக் கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இதுவரை பெரிய பெரிய பதில்கள் சொல்லியிருக்கிறேன். துர்காவைப் பார்த்த பிறகு அவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேய்க்க ஒரு பென்சில் இருந்தால் போதும்.

4

இப்போது சிக்கலுக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீ நேரத்துக்கு முன்னால், மேசைக்கு வந்த ஒரு சல்லடைத் தட்டு அவள் கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமாகப் பார்க்கும் அதே தட்டுதான். அன்றைக்கு ட்யூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பிடித்தபோது, உள்வட்டத்தில் பன்னிரண்டு, வெளிவட்டத்தில் இருபத்துநாலு என்ற கணக்கில் வரும் ஓட்டைகள் ஏதோ பூ மாதிரி விரிந்து நின்றன. இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டீ நேரத்தில் பிஸ்கெட் சுற்றிய தாளை விரித்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு, தட்டில் தன் ஓகே முத்திரையைக் குத்திப் பெட்டியில் போட்டாள். ஒவ்வொரு சரிபார்ப்பவருக்கும் ஒரு எண் உண்டு. அவளுடையது பதினேழு.

சாயங்காலம் தாள் என்னிடம் வந்தது. முதல் நகல் கறுத்துப்போயிற்று (அதுதான் இந்தத் தாள்), இரண்டாவது நன்றாக வந்தது. புதன், வியாழன், வெள்ளி பஸ்ஸில் பின்னி முடித்தாள். நல்ல சந்தன நிற நூல். வெள்ளி மாலை வீட்டில் குண்டூசி குத்தும்போது கடைசி ஊசிக்கு இடமில்லை. பின்னலில் ஓட்டை இருக்கிறது, கீழே தாளில் இல்லை.

ஒன்று கூட்டிப் பின்னிவிட்டோம் என்று நினைத்து வெளிச்சுற்றை அவிழ்த்தாள். திரும்பப் பின்னினாள். இருபத்துநாலு. தாளில் இருபத்துமூன்று. மறுபடி அவிழ்த்தாள். ஏழுமலை சோற்றுத் தட்டோடு வந்து நின்று பார்த்தான், தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவிழ்க்கிற நேரத்தில் பேசக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை என் கடைக்கு வந்தவள் நேராக என் மேல் பாய்ந்தாள்.

"உங்க மிஷினு ஒரு ஓட்டைய முழுங்கிடிச்சுண்ணா. ரெண்டு தபா அவுத்துக் கட்டிக்கினு கீறேன்."

என் மிஷினைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. கண்ணாடியைத் துடைத்துக் காட்டினேன், மறுபடி நகலெடுத்துக் காட்டினேன். அதிலும் இருபத்துமூன்று. அப்போ பென்சில் வழுக்கியிருக்கும் என்றாள். இருவரும் அந்த பிஸ்கெட் தாளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தோம். வழுக்கவில்லை. அந்த இடத்தில் பென்சில் நன்றாகவே உட்கார்ந்து தேய்ந்திருந்தது. சுத்தமான, சீரான சாம்பல் நிறம். அடியில் ஓட்டையே இல்லாத தகரத்தில் தேய்த்தால் வருகிற சாம்பல்.

துர்கா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கை சரியாகத்தான் பின்னியிருக்கிறது. உள்ளே ஒன்றுக்கு வெளியே இரண்டு என்று அது தானாகவே எண்ணிக்கொண்டு போயிருக்கிறது. கண்தான் எண்ணவில்லை. துளைபோடும் மிஷினில் ஒரு முள் உடைந்திருக்கவேண்டும். முள் உடைந்தால் அதற்குப் பிறகு விழுகிற தட்டெல்லாம் அப்படித்தான் விழும். அந்த மிஷின் தட்டுகள் அவள் கைக்குத்தான் வரும், செவ்வாய்க்கிழமையிலிருந்து நிறைந்த ஆறு பெட்டியிலும் பதினேழுதான் குத்தியிருக்கிறது.

"அழகா கீதான்னு பாத்தேண்ணா," என்றாள். "சரியா கீதான்னு பாக்கல."

5

இந்த இடத்தில் என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கு முன், எனக்கு என் மேல் வரவேண்டிய சந்தேகத்தையும் எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு எதெல்லாம் கைவிட்டுப் போகக்கூடும் என்று எனக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை பர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியலை கம்பெனி ஒட்டப்போகிறது. மேசையில் இருக்கும் ஒன்பது பேரில் மூன்று பேர். துர்காவின் பெயர் அதில் இருக்கும் என்று சூப்பர்வைசர் மோகன்ராஜே அரைகுறையாகச் சொல்லியிருந்தார். அந்த விண்ணப்பத்துக்கு நகல் எடுத்ததும் நான்தான். இப்போது போய்ச் சொன்னால் ஆறு பெட்டி தப்பாக விட்டவள் என்று ஆகும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், கம்பெனிப் பொருளைத் தாளில் தேய்த்து வெளியே கொண்டுபோனேன் என்று சொல்லவேண்டும். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அதுவும் கூடாது என்றிருக்கிறது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை லாரி ஏறிப் பெட்டிகள் போய்விடும்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன்? மேசை டிராயரைத் திறந்து ஒயிட்னரை எடுத்தேன். "ஒரே ஒரு பொட்டு வெச்சிடட்டுமா?" என்றேன்.

முதல் வரைவில், "துர்கா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தேன். பொய். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெச்சா தெரியுமா என்றுகூடக் கேட்டாள். நகல் எடுத்துவிட்டால் தெரியாது என்று தொழில் தெரிந்தவனாகச் சொன்னேன். எத்தனை பயோடேட்டாவில் நான் எத்தனை வருடங்களை அப்படி வெள்ளையாக்கியிருக்கிறேன்.

பிறகுதான் அவள் அதைச் சொன்னாள்.

"தாள்ல வெச்சிடலாம். தட்டுல?"

பாட்டிலை மூடிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

6

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது. அவள் சொன்னதைச் சொல்கிறேன், கொஞ்சம் நானும் சேர்த்திருப்பேன்.

ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் விழுகிற தண்ணீரைக் காட்டி, ஒரு ஓட்டை குறைந்தால் தண்ணீர் வராமலா போய்விடும், இதுக்குப் போய் ஏன் பேஜார் பண்ணிக்கிற என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதில் தப்பில்லை. தண்ணீர் வரும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. உயிர் போகிற விஷயமென்றால் யோசிக்கவே வேண்டாம், ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். இது ஒன்றுமில்லாத விஷயம். ஒன்றுமில்லாத விஷயத்துக்காக ஐந்து வருடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

(இங்கே அவள் அழுதாள் என்று எழுத ஆசை. அழவில்லை. மாமனாரின் குல்லாவில் ஒரு நூல் பிரிந்திருந்தது, உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள்.)

சரிசெய்து முடித்ததும், "நா இத அவுத்துட்டுப் பின்னல்லன்னா அடுத்தத பின்னவே முடியாது" என்றாளாம். குல்லாவைத்தான் சொல்கிறாள் என்று ஏழுமலை நினைத்திருக்கிறான். சற்று நேரம் கழித்துப் புரிந்திருக்கிறது. அப்போ காலைல நானே பைக்ல உட்டுட்டு வரேன், பஸ்ல போனா நடுவுல மனசு மாறிப்புடும் என்றான். இந்த மனிதனை நான் இரண்டு பத்தியில் முடித்துவிட்டேன், அவனுக்கு ஒரு தனிக் கதையே கடன்பட்டிருக்கிறேன்.

7

திங்கட்கிழமைக் காலை. துர்கா சந்தன நிறப் பின்னலையும் பிஸ்கெட் தாளையும் மோகன்ராஜின் மேசையில் வைக்கிறாள். இந்தக் காட்சிக்கு நான் எழுதிப் பார்த்தவை:

(அ) மோகன்ராஜ் கத்துகிறார். மேசையைத் தட்டுகிறார். துர்கா தலைநிமிர்ந்து நிற்கிறாள். – சினிமா. வேண்டாம்.

(ஆ) மோகன்ராஜ் கண் கலங்கி, "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தால்..." – இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோகன்ராஜை எனக்குத் தெரியும். மகனின் ஸ்கூல் சர்டிபிகேட் நகலெடுக்க வரும்போதுகூட மிஷின் சத்தத்தைக் கேட்டு ரோலர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்.

(இ) நடந்தது.

அவர் பின்னலைக் கையில் எடுத்தார். அது என்ன, ஏது என்று கேட்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். தட்டு சின்னது, பின்னல் பெரிசு. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

"எப்போலேருந்து?"

"செவ்வா. டீக்கு முன்னாடி சார்."

அவ்வளவுதான் பேச்சு. எழுந்துபோய் மிஷினை நிறுத்தினார். உடைந்த முள்ளை எடுத்துக்கொண்டு வந்தார். லாரியிலிருந்து ஆறு பெட்டியும் இறங்கின. ஒன்பது பேரும் இரண்டு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து தட்டுகளைப் பிரித்தார்கள். ஹெலன் முதல் நாள் முழுக்க துர்காவோடு பேசவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் தன் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டி, இதுல ஒரு டிசைன் கீது பாரு, எண்ணிட்டு எடு என்றாள். மேசையே சிரித்தது. துர்காவுக்கு அப்போதுதான் சாப்பாடு இறங்கியது.

பின்னலை மோகன்ராஜ் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிஸ்கெட் தாளைக் கொடுக்கவில்லை. அதை ஒரு அறிக்கைப் படிவத்தோடு சேர்த்துப் பின் போட்டு மேனேஜருக்கு அனுப்பினார். அனுப்பும் முன் துர்காவிடம் கையெழுத்து வாங்கினார். அதில் இரண்டு வரியை அவள் பார்த்தாள்:

தவறவிட்டவர்: 17
கண்டறிந்தவர்: 17

8

இன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் பஸ் வந்து நின்றபோது துர்கா இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள். சந்தன நிறப் பின்னலை என் ஜெராக்ஸ் மிஷினின் தலையில் விரித்துவிட்டாள். மிஷினைத் தப்பாகச் சொன்னதற்கு அபராதமாம். ஒரு ஓரம் கண்ணாடி மேல் வந்து விழுகிறது, ஒவ்வொரு நகலுக்கும் தூக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. பரவாயில்லை. மிஷினுக்கு இப்போது ஒரு மரியாதை வந்திருக்கிறது.

பிறகு என் மேசை விசிறியை நிறுத்தச் சொன்னாள். அதன் முன்கூண்டின் கம்பிகள் நடுவிலிருந்து வளைந்து வளைந்து வெளியே போவதைப் பார்த்துவிட்டாள். இத்தனை வருடம் அந்த விசிறிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு எதை எழுதலாம் என்று யோசித்தவன் நான். அவள் தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நாளைக்குப் பட்டியல், பயமாக இல்லையா என்றேன். இல்லாமல் இருக்குமா என்றாள், கை நிற்கவில்லை. மேனேஜர் அந்த ரெண்டு வரியில எந்த வரிய படிச்சிட்டு நிறுத்துவாரோ, அதுதான் தெரியல என்றாள். பிறகு தேய்த்த தாளை என்னிடம் நீட்டினாள்.

"எண்ணிட்டேண்ணா. எதுக்கும் நீங்களும் ஒரு தபா எண்ணிடுங்க."

எண்ணினேன். சரியாக இருந்தது. பெரிசாக நகலெடுத்துக் கொடுத்தேன். பைக்கை நிறுத்திக் காத்திருந்த ஏழுமலையிடம் அவள் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியதையும், அவன் ஒன்றும் புரியாமல் பலமாகத் தலையாட்டியதையும் கடையிலிருந்தே பார்த்தேன்.

9

நாளை காலை பத்து மணிக்குப் பட்டியலை ஒட்டுவார்கள். பதினொரு மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் இந்தக் கதையை முடித்துவிடவேண்டும் என்று வேகவேகமாக எழுதுகிறேன். தெரிந்த பிறகு எழுதினால் ஒவ்வொரு வரியும் அந்த முடிவைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

ஆகையால் மேனேஜரின் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். எதிரே படிவம் இருக்கிறது. பின் போட்ட பிஸ்கெட் தாள் இருக்கிறது. பட்டியலில் இரண்டு பெயர் எழுதியாகிவிட்டது, மூன்றாவது இடம் காலி. படிவத்தில் எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்று பார்த்தீர்கள். எழுதுகிறவன் என்ற உரிமையில் அவற்றை இடம் மாற்றிப் போட்டிருக்கலாம், அவளுக்கு உதவியாக இருந்திருக்கும். செய்யவில்லை. அவளும் விரும்பமாட்டாள்.

பேனா உங்கள் கையில் இருக்கிறது. ஒயிட்னரை நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.